பத்து நாற்பத்திரண்டு

பிப்ரவரி 27, புதன்

காலையில் இருந்தே மழை. ஆறரைக்கு ரேடியோவை ஆன் செய்து ஒவ்வொரு கிராமமாகக் கூப்பிட்டேன். பதினொன்றில் ஒன்பது பதில் சொன்னது. மதியம் வரைக்கும் ஒரு விமானமும் எழும்பவில்லை. இவங்க ஹேங்கரில் சின்ன விமானத்தின் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, சாப்பிட வந்தபோது கிரீஸ் கையோடே தண்ணீர்ப் பானையைத் தொட்டாங்க. சண்டை போட்டேன்.

கெசியாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கட்டுரை. பெற்றோரின் வேலையைப் பற்றி. ஒன்பது வயதுக்கு நன்றாகவே எழுதியிருக்கிறாள். "நாங்கள் பப்புவா நியூ கினியில் ஒரு மலைமேல் இருக்கிறோம். இங்கே ரோடு இல்லை. அதனால் எங்கள் மிஷன் விமானத்தில் மருந்தும் அரிசியும் கொண்டுபோகும். நோயாளிகளை ஏற்றிவரும். என் அப்பா ஜெயசிங் முன்பு இந்திய விமானப்படையில் இருந்தார். இப்போது இங்கே விமானங்களைப் பழுது பார்க்கிறார். என் அம்மா ஹெப்சிபா ரேடியோவில் பேசுவார். மலை மறைப்பதால் கிராமத்தார் பேசுவது விமானத்துக்குக் கேட்காது. எல்லாம் அம்மா வழியாகத்தான் போகும்."

கடைசி வரி நான் சொல்லிக்கொடுத்தது இல்லை. அவளாக எழுதினாள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

மார்ச் 2, சனி

ரூபனும் செலினும் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். இந்த மலையில் எங்களை விட்டால் தமிழ் பேச அவர்கள் இருவர்தான். மார்த்தாண்டம் பக்கம். ரூபன் இங்கே விமானி. கல்யாணமாகி ஏழு வருஷம், பிள்ளை இல்லை. செலின் ஒவ்வொரு சனிக்கிழமையும் கெசியாவுக்குத் தலை பின்னிவிடுவாள்.

டின் மீனில் புளிக்குழம்பு வைத்தேன். ரூபன் மூன்றாம் தடவை சோறு கேட்டார். "அவியளுக்குப் பிளேன்ல எடை கூடிப் போச்சுன்னு உங்க மேலதான் கம்ப்ளெயிண்ட் வரும் அக்கா" என்றாள் செலின். ரூபன் அவள் தட்டிலிருந்த அப்பளத்தையும் எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை ஊரில் என் தங்கச்சி ஜெசிக்குக் கல்யாணம். புதன்கிழமை லெந்து ஆரம்பித்துவிடும், ஈஸ்டர் வரைக்கும் கல்யாணம் வைக்க மாட்டார்கள், அதற்கு முன் முடித்துவிட வேண்டுமென்று அப்பா அவசரமாய் நாள் குறித்துவிட்டார். ரேடியோவில் எனக்குப் பதிலாக உட்கார ஆளில்லை. போக முடியாது. "கர்த்தருடைய வேலைதானே, விடு" என்றாங்க இவங்க. விட்டுவிட்டேன்.

மார்ச் 4, திங்கள்

ரூபன் இறந்துவிட்டார்.

10.05-க்குக் கிளம்பினார். தொமேலி என்கிற கிராமத்தில் ஒரு பெண்ணுக்கு மூன்று நாளாகப் பிரசவ வேதனை. பிள்ளை வெளியே வரவில்லை. அவளை ஏற்றிவரப் போனார். அந்த ஊர் ரேடியோவைப் பார்த்துக்கொள்ளும் திமோவின் மனைவிதான் அவள். 10.46-க்குத் திமோ என்னைக் கூப்பிட்டு, கணவாயில் மேகம் மூடிவிட்டது, விமானம் வர வேண்டாம் என்றான். உடனே ரூபனைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. பதினொன்றரை வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். நாலு மணிக்கு ஹெலிகாப்டர் போய்ப் பார்த்தது. மலைச்சரிவில் மோதியிருக்கிறது.

நேரமெல்லாம் லாக் புத்தகத்தில் சரியாக எழுதியிருக்கிறேன்.

செலின் எங்கள் வீட்டில் இருக்கிறாள்.

மார்ச் 5, செவ்வாய்

அரிசி கழுவினேன். யார் யாரோ வந்து போனார்கள். எல்லாருக்கும் டீ.

செலின் அழவில்லை. ரூபன் காலையில் குடித்துவிட்டு வைத்த கப்பை அவள் வீட்டில் யாரோ கழுவிவிட்டார்களாம். அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். யார் கழுவினது, யார் கழுவினது என்று. நான்தான் கழுவினேன். சொன்னேன். தலையை ஆட்டினாள்.

ஊரில் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததாம். ஜெசிக்கு மல்லிகைப்பூ நெருக்கமாய்க் கட்டியிருந்தார்கள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டினாள். அழகாயிருந்தாள். இவங்ககிட்ட அதைச் சொன்னபோது, "நீ எப்பப் பாத்த?" என்று கேட்டாங்க. போட்டோவில் என்றேன்.

மார்ச் 6, புதன்

லெந்து முதல் நாள். ரூபனைக் கொண்டுவந்தார்கள்.

தொமேலியிலிருந்து செய்தி. திமோவின் மனைவி நேற்று விடியற்காலை இறந்துபோனாள். பெண் குழந்தை பிழைத்திருக்கிறது.

மார்ச் 9, சனி

அடக்கம். மார்த்தாண்டத்திலிருந்து ரூபனின் அப்பா போனில் கெஞ்சினார், மகனை ஊருக்கு அனுப்பிவையுங்கள் என்று. செலின் போனை வாங்கி, "இல்ல மாமா, அவிய இங்கயே இருக்கட்டும். இங்க இருக்கணும்னுதான் சொல்லிட்டே இருப்பாவ" என்றாள். ஓடுதளத்துக்குப் பின்னால், மேட்டில் புதைத்தோம். போதகர் ஜெபிக்கும்போது ஒரு விமானம் எழும்பியது. மருந்து கொண்டுபோக வேண்டியிருந்தது. போதகர் சத்தம் அடங்கும்வரை நிறுத்திவிட்டுப் பிறகு தொடர்ந்தார்.

மார்ச் 12, செவ்வாய்

அரசாங்கத்திலிருந்து விசாரணை அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். இவங்களை நாலு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். போன மாதம் அந்த விமானத்தின் எஞ்சினைக் கழற்றிப் பூட்டிக் கையெழுத்துப் போட்டது இவங்கதான். திரும்பி வந்ததும் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லி, கட்டிலில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாங்க.

என்னிடம் இருபது நிமிஷம். லாக் புத்தகத்தைக் கொடுத்தேன். நல்ல கையெழுத்து என்றார் ஒருவர்.

மார்ச் 15, வெள்ளி

இட்லி மாவு பொங்கவில்லை. வெந்நீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தும் பொங்கவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

திருவிருந்து ஆராதனை. தலைவலியாக இருந்ததால் அப்பமும் ரசமும் வாங்க நான் எழுந்து போகவில்லை. பின்பெஞ்சில் இருந்தேன். கெசியா திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

இவங்க இப்போது விடியுமுன் எழுந்து ஹேங்கருக்குப் போய்விடுகிறாங்க. பழைய வேலை ஏடுகளை எடுத்து, எந்த போல்ட்டை எந்தத் தேதியில் முறுக்கினோம் என்று பார்க்கிறாங்களாம். "எல்லாம் சரியாத்தான் செஞ்சிருப்பீங்க" என்றேன். "அப்படித்தான் நெனைக்கேன். ஆனா ஒண்ணு விட்டுப்போயிருந்தா, ஹெப்சி?" என்றாங்க. எதுவும் விட்டுப்போகவில்லை என்றேன். "ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாங்க.

மார்ச் 22, வெள்ளி

எஞ்சினில் குறை இல்லையாம். மோதும்வரை நன்றாக ஓடியிருக்கிறது. எங்கள் மிஷனின் பொறுப்பாளர் கார்டன், ஆஸ்திரேலியாக்காரர், அவரே வீட்டுக்கு வந்து சொன்னார். இவங்க அடுப்படிக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதாங்க. பதினெட்டு நாள்.

கார்டன் போகாமல் உட்கார்ந்திருந்தார். திமோவைப் பற்றிப் பேசினார். தான் 10.42-க்கே கூப்பிட்டதாகவும், மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் எனக்குக் கேட்டதாகவும் அவன் சொல்கிறானாம். அதிகாரிகள் நம்பவில்லை. அவர்கள் கணக்குப்படி 10.42-க்கு ரூபன் கணவாய்க்குள் நுழையவில்லை. அப்போது சொல்லியிருந்தால் திரும்பியிருக்கலாம். 10.46 என்றால் உள்ளே போய்விட்டார். மனைவி சாகக் கிடந்ததால் எப்படியாவது விமானம் வந்துவிடட்டும் என்று மேகத்தை மறைத்திருக்கிறான், கடைசி நேரத்தில் பயந்துபோய்ச் சொல்லியிருக்கிறான், இப்போது நேரத்தைப் பொய்யாகச் சொல்கிறான் என்று எழுதப்போகிறார்களாம்.

"நான் அவன் இடத்தில் இருந்தாலும் ஒருவேளை அதைத்தான் செய்திருப்பேன்" என்றார் கார்டன். திமோவிடமிருந்து ரேடியோவை வாங்கிவிட்டார்கள். இனி தொமேலிக்கு விமானமும் கிடையாது. அவனால்தான் என்று ஊரே அவன்மேல் கோபமாக இருக்கிறது.

நான் கார்டனுக்கு இன்னொரு டீ ஊற்றினேன்.

மார்ச் 30, சனி

செலினோடு சேர்ந்து ரூபனின் துணிகளை மடித்தேன். ஈஸ்டர் முடிந்ததும் அவள் ஊருக்குப் போகிறாள். ஒரு சட்டையை மட்டும் மடிக்காமல் மடியில் வைத்திருந்தாள்.

"அக்கா, திமோவ நெனச்சா எனக்குப் பாவமாத்தான் இருக்கு. பொண்டாட்டிக்கு வேண்டிச் செய்தான். எனக்க மாப்பிள்ளையும் எனக்கு வேண்டி அதைச் செய்திருப்பாவ. ஜெபத்துல அவனுக்க பேரைச் சொல்லிப் பாக்கேன். வாய் வரமாட்டேங்குது. அவன் செத்துப்போகணும்னு வருது."

நான் கையிலிருந்த துணியை மடித்து வைத்தேன்.

"நீங்க எனக்காக அவன மன்னிக்கதுக்கு ஜெபம் பண்ணுங்க அக்கா" என்றாள். கையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஜெபித்தேன். சத்தமாக, அவள் கேட்கும்படி, திமோவை மன்னிக்கும் மனதை இந்தப் பிள்ளைக்குத் தாரும் என்று ஜெபித்தேன்.

ஏப்ரல் 3, புதன்

கெசியாவுக்குக் காய்ச்சல். நூற்றிரண்டு. ரேடியோவுக்கு விடுப்பு கேட்கவில்லை. இவங்கதான் வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டாங்க. இப்போதெல்லாம் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் ரேடியோ அறைக்குப் போகிறேன்.

ஏப்ரல் 10, புதன்

திமோ வந்திருந்தான். தொமேலியிலிருந்து இரண்டு நாள் நடை. குழந்தையை முதுகில் வலைப்பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். எங்கள் கிளினிக்கில் பால்பவுடர் தருவார்கள். வாங்கிக்கொண்டு நேரே ரேடியோ அறைக்கு வந்து கதவுக்கு வெளியே நின்றான். உள்ளே வரச் சொன்னேன். கால் முழுக்க சேறு, தரை அழுக்காகும் என்று வாசலிலேயே உட்கார்ந்துகொண்டான். ஐந்து வருஷமாகத் தினம் காலையில் ரேடியோவில் பேசியிருக்கிறோம். முகம் பார்த்தது இதுதான் முதல் தடவை. நான் நினைத்ததைவிட வயது குறைவு.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தலை நிறைய முடி.

"மிஸிஸ், ஒன்று கேட்கலாமா? உங்கள் புத்தகத்தில் நான் கூப்பிட்ட நேரம் என்ன போட்டிருக்கிறது?" என்று கேட்டான். அவர்கள் பாஷையில் மெதுவாக, எனக்குப் புரிய வேண்டுமென்று ஒவ்வொரு சொல்லாக.

பத்து நாற்பத்தாறு என்றேன்.

புத்தகத்தைக் காட்டச் சொல்வான் என்று நினைத்தேன். சத்தம் போடுவான் என்று நினைத்தேன். கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு சுவரில் இருந்த என் கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டும் ஒரே நேரம்தான் காட்டியது.

"அப்படியானால் என் கடிகாரம் அன்றைக்குத் தப்பாக ஓடியிருக்கும். நீங்கள் தப்பாக எழுத மாட்டீர்கள்" என்றான்.

குழந்தையை மாட்டிக்கொண்டு எழுந்து போனான். மழை வரும்போலிருந்தது.

ஏப்ரல் 11, வியாழன்

எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 14, குருத்தோலை ஞாயிறு

பிள்ளைகள் ஓலையைப் பிடித்துக்கொண்டு ஓடுதளத்தைச் சுற்றிப் பாடிக்கொண்டு போனார்கள். கெசியா எனக்கும் ஒரு ஓலை கொடுத்தாள். பாதியில் திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இந்த நோட்டில்கூட நான் பொய்தான் எழுதியிருக்கிறேன். நான் மட்டும் படிக்கிற நோட்டு. ஆகையால் இப்போது எழுதுகிறேன்.

மார்ச் நாலாம் தேதி பத்தரை மணிக்கு ஜெசி வீடியோவில் கூப்பிட்டாள். ஊரில் அப்போது காலை ஆறு. அவளுக்கு அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. அம்மா, சித்தி, எல்லாரும் இருந்தார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ரேடியோவில் இரைச்சல் அதிகமாக இருந்தது. ஜெசி சொல்வது கேட்கவில்லை. சத்தத்தைக் குறைத்தேன். முழுக்க அல்ல, கொஞ்சம்தான் என்று நினைத்தேன். ஜெசி பூவைக் காட்டினாள். எதேச்சையாகக் கடிகாரத்தைப் பார்த்தேன். 10.42. அப்போது ரேடியோவில் ஏதோ குரல் போலக் கேட்டது. இதோ, இதைப் பார்த்துவிட்டு என்று நினைத்தேன். அதை நினைத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிறகு அந்தக் குரல் மறுபடி, மறுபடி. சத்தத்தைக் கூட்டியபோது திமோ கத்திக்கொண்டிருந்தான். அப்போது 10.46.

ரூபன் பதில் சொல்லாமல் பத்து நிமிஷம் ஆன பிறகு லாக் புத்தகத்தில் திமோ கூப்பிட்ட நேரம் 10.46 என்று எழுதினேன். நல்ல கையெழுத்துதான்.

மத்தியானம் கெசியா விளையாடப் போனதும் இவங்ககிட்ட சொன்னேன். இவங்க கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாங்க. கத்தியைக் கீழே வைத்தாங்க. பிறகு, "பதினெட்டு நாள் நான் என் கையைப் பாத்துக்கிட்டே இருந்தேன் ஹெப்சி. நீயும் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டிருந்த" என்றாங்க.

ஆமாம் என்றேன்.

"கார்டன்கிட்ட நீ சொல்லுதியா, நான் சொல்லட்டுமா?"

நானே சொல்கிறேன் என்றேன். எழுந்து போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டாங்க. "கதவு வரைக்கும் வாரேன். உள்ள நீ மட்டும் போ."

ஏப்ரல் 15, திங்கள்

கார்டன் நான் சொன்னதை எழுதி வாங்கிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அதிகாரிகளுக்கு அனுப்பியாகிவிட்டது. ரேடியோ அறைச் சாவியைக் கொடுத்துவிட்டேன். மே மாதத்துக்குள் நாங்கள் ஊருக்குப் போக வேண்டியிருக்கும் என்றார். கோபப்படவில்லை. கடைசியில் ஜெபித்தார். அவர் ஜெபத்தில் என் பேர் வந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார்.

ஏப்ரல் 16, செவ்வாய்

செலினிடம் சொன்னேன்.

அவள் வீட்டில் பெட்டிகள் கட்டி வைத்திருந்தது. நின்றுகொண்டே கேட்டாள். முடித்ததும், "நாலு நிமிஷம் முன்னால கூப்பிட்டிருந்தா அவிய திரும்பியிருப்பாவளா?" என்றாள்.

தெரியாது செலின் என்றேன்.

"தெரியாதுன்னு சொல்லாதீங்க. உங்களுக்குத் தெரியும்."

திரும்பியிருப்பார் என்றேன்.

உட்கார்ந்தாள். மூடிய பெட்டியின் மேல்தான் உட்கார்ந்தாள். "அண்ணைக்கு எனக்க கையைப் பிடிச்சுட்டு ஜெபம் பண்ணினீங்க" என்றாள். பிறகு வேறு ஒருத்தியிடம் பேசுவதுபோல, "ஒரு மாசமா அவன் சாகணும்னு நெனச்சேனே. அவனுக்க பொண்டாட்டி போய்க் கெடக்கா. அவன் உள்ளதைச் சொல்லியிருக்கான்" என்றாள்.

மன்னிப்புக் கேட்டேன். முழங்கால்போடப் போனேன். "அது வேண்டாம்" என்றாள். "நீங்க போங்க. அக்கான்னு கூப்பிட்டே பழகிட்டு. இனி என்னன்னு கூப்பிட, தெரியல."

ஏப்ரல் 19, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. செலின் முன்பெஞ்சில், நான் பின்பெஞ்சில். எங்களுக்கு நடுவே ஊரே இருந்தது. இப்போது எல்லாருக்கும் தெரியும். கெசியாவுக்கு நானே சொன்னேன். "அப்போ அந்த அங்கிள் பொய் சொல்லலையா?" என்று மட்டும் கேட்டாள்.

ஏப்ரல் 24, புதன்

தொமேலிக்கு மறுபடி விமானம் விடுகிறார்கள். அந்த முதல் விமானத்தில் என்னையும் ஏற்றிக்கொள்ளக் கேட்டேன். ஊராரிடம் நானே நேரில் சொல்ல வேண்டும் என்றேன். கார்டன் யோசித்துவிட்டுச் சரி என்றார். காலையில் ஹேங்கருக்குப் போனால் செலின் அங்கே நிற்கிறாள். அவளும் வருகிறாளாம். திமோவைப் பார்க்க. விமானிக்குப் பக்கத்து இருக்கையில் அவள் உட்கார்ந்தாள். நான் பின்னால் அரிசி மூட்டைகளோடு. ஐம்பது நிமிஷம். கணவாயைத் தாண்டும்போது விமானி ஒரு திசையில் கையைக் காட்டினார். செலின் அந்தப் பக்கம் பார்த்தாள். மரங்கள் ஒடிந்து ஒரு வெளுத்த இடம். பச்சை மறுபடி ஏறிக்கொண்டிருந்தது.

ஓடுதளத்தின் ஓரத்தில் ஊரே நின்றிருந்தது, நூறு பேருக்கு மேல். திமோ தனியாக, கடைசியில் நின்றார். செலின் இறங்கி நேரே அவரிடம் போனாள். அவளுக்கு அந்தப் பாஷை சரியாக வராது. இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தமிழிலேயே ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டினார். பிறகு முதுகிலிருந்த குழந்தையை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

ஊர்ப் பெரியவர் என்னைப் பேசச் சொன்னார். இரண்டு நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். திமோ பத்து நாற்பத்திரண்டுக்கே கூப்பிட்டார். அவருடைய மனைவி படுத்திருந்தபோதும் விமானம் வர வேண்டாம் என்று சொன்னார். நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. பிறகு புத்தகத்தில் பொய் எழுதினேன். விமானி என்னால்தான் இறந்தார். திமோ பொய் சொல்லவில்லை, நான் சொன்னேன். அவ்வளவுதான்.

திமோ என் பக்கத்தில் வந்தார். அடிப்பார் என்று ஒரு நொடி நினைத்தேன்.

"மிஸிஸ், இன்னொரு தடவை சொல்லுங்கள். அங்கே பின்னால் என் மனைவியின் அம்மா இருக்கிறாள். அவளுக்குக் காது மந்தம். கேட்டிருக்காது" என்றார்.

கூட்டம் வழிவிட்டது. அந்த அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் போய் உட்கார்ந்து, காதருகே, முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். அவள் கேட்டாள். கையைத் தரையில் ஊன்றி எழுந்து, என்னைத் தாண்டிப் போய், திமோவின் நெஞ்சில் தலையை வைத்து அழ ஆரம்பித்தாள். அதன்பிறகு பெண்கள் எல்லாரும் அழுதார்கள். பத்து நிமிஷம் இருக்கும். என்னை யாரும் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போதும் செலின் முன்னால், நான் பின்னால். இறங்கியதும் எனக்காக நின்றாள். அழைக்கப் பேர் தேடுவது தெரிந்தது. கடைசியில் பேர் இல்லாமலே சொன்னாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு எனக்கு விமானம். வழியனுப்ப வர வேண்டாம்."

சரி என்றேன்.

ஏப்ரல் 25, வியாழன்

இவங்களும் கெசியாவும் போனார்கள். நான் வீட்டில் இருந்தேன். பத்து மணிக்குச் சத்தம் கேட்டது. அடுப்படி ஜன்னலைத் திறந்தால் ஓடுதளம் தெரியும். திறக்கவில்லை. சத்தம் மலைக்கு அந்தப்புறம் போய் முழுக்க ஓயும்வரைக்கும் நின்றேன். பிறகு உலை வைத்தேன்.